ஹாலில் உன் பவளப்பாறை

இன்று காலை ஹாலில் இருக்கும் உன் பவளத் தொட்டியின் நீரோட்டப் பம்புகள் இரண்டையும் கழற்றி, வினிகர் ஊற்றிய வாளியில் ஊறப்போட்டேன். அவற்றின் மேல் கல்லாய் ஒட்டியிருந்த சுண்ணாம்பு சீறிக்கொண்டு கரைந்தது. கொஞ்ச நேரத்தில் சமையலறை, ஹால், மாடிப்படி எங்கும் அந்தப் புளித்த வாடை ஏறிவிட்டது. நான் பின்கதவைத் திறக்கவில்லை. "கதவைத் திறங்க, வீடே ஊறுகா ஜாடி மாதிரி நாறுது" என்று நீதான் அடுப்படியிலிருந்து கத்துவாய். பம்பை ஊறப்போட்டதே நீயாக இருந்தாலும் அப்படித்தான் கத்துவாய்.

வாளிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதையாவது நினைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை. சுண்ணாம்பு கரையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வந்து இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்கு முன்பும் எழுதியதில்லை. நீ பக்கத்துத் தெருவில்தானே இருந்தாய்.

உன் கம்பெனி குடும்ப தினத்துக்கு மெர்சிங்கில் படகு ஏறித் தீவுக்குப் போனோம். நம் மகள் தர்ஷினி கல்யாணமாகி யோங் பெங் போன வருடம் அது. சாப்பாட்டு மேசையில் நாம் இருவர் மட்டும் மிஞ்சி, பேச ஒன்றும் இல்லாமல், தொலைக்காட்சியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்த காலம். சண்டை இல்லை. சண்டை போடவும் விஷயம் வேண்டுமே.

உனக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி, நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி, என் கையைப் பிடித்தபடி தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்தாய். கீழே உயிருள்ள பவளப்பாறை. பிறகு என் கையை விட்டுவிட்டாய். நான் பயந்துபோய் உன் சட்டையின் பின்வாரைப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் கரையேறிக் கோழிவறுவல் தின்று முடித்த பிறகும் நீ முகத்தைத் தூக்கவில்லை. பிடரி முழுக்க வெயிலில் வெந்துபோயிருந்தது. கரையில் ஒரு செத்த பவளத் துண்டு வெள்ளையாகக் கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று நான் குனிந்து எடுத்தேன். "அங்கேயே போடுங்க" என்றாய். அவ்வளவு கோபமாக நீ பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். கோத்தா திங்கி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய்.

"நம்ம ஹால்ல, மாடிப்படிக்கு எதிர்ச்செவுரு இருக்கே, அது எத்தன அடிங்க இருக்கும்?"

"எதுக்கு?"

"சும்மாதான் கேக்குறேன். அளந்து சொல்லுங்க."

அன்றைக்கே அளந்து சொன்னேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் வெல்டர். வீட்டிலேயே பவளம் வளர்க்கப் போவதாகச் சொன்னாய். ஆறடி நீளத் தொட்டியையும், அதில் நிற்கப்போகும் கல்லையும் தண்ணீரையும் தாங்க ஒரு இரும்புச் சட்டம் வேண்டும் என்றாய். ஒரு கார் எடைக்கு மேல் வரும் என்று கணக்குச் சொன்னாய். டைல்ஸ் பிளந்துவிடும், செவுரு ஈரம் குடிக்கும், கரண்டு பில் ஏறும் என்று நான் அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இரும்ப நீங்க பாருங்க, தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்றாய். வேறு பேச்சு இல்லை. லீவு நாட்களில் வீட்டு வாசலில் சட்டத்தைப் பற்றவைத்தேன். நீ அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, அந்தச் சின்னக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாய். ஒரு மூலை ஒரு நூல் தாழ்ந்திருந்தது. "அறுத்துட்டுத் திரும்பப் பத்த வைங்க" என்றாய். கப்பல் பட்டறை இன்ஸ்பெக்டர்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அறுத்துப் பற்றவைத்தேன். அந்த மாதம் முழுக்க நாம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம், இல்லையா?

தொட்டி வந்தது. கல் வந்தது. வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கலக்கி நிரப்பினாய். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் உள்ளே ஒரு மீன் இல்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள்: "மீன் எங்க?" நீ "தண்ணி பக்குவப்படட்டும், வரும்" என்பாய். கல்லில் பழுப்புப் பாசி படர்ந்தது, பிறகு பச்சைப் பாசி, பிறகு அதுவும் போனது. நீ வேலையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அந்த வெறும் தண்ணீரின் முன்னால் நிற்பாய். பாமாயில் ஆலை ஆய்வுக்கூடத்தில் பகலெல்லாம் எண்ணெயில் சொட்டுச் சொட்டாக ரசாயனம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து அதே வேலையைச் செய்தாய். "அங்க பாக்குறது பாஸுக்கு, இங்க பாக்குறது எனக்கு" என்றாய். குப்பியை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, நிறம் திரும்பும் அந்த ஒரு சொட்டுக்காக நீ காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நான் கூப்பிட்டால் உனக்குக் காது கேட்காது.

முதல் பவளத்தைத் தந்தது ஆ செங். நம் தாமான் குடியிருப்பின் கடைவரிசையில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் சீனன். கட்டைவிரல் நீளம்தான், மான்கொம்பு மாதிரி ஒரே ஒரு கிளை. உடம்பு பச்சை, நுனி ஊதா. அது வருடக்கணக்கில் வளர்ந்து முறத்தின் அகலத்துக்கு விரிந்தது. அடர்ந்துபோனால் உள்ளே நீரோட்டம் போகாது என்று அதன் கிளைகளை நறுக்குவாய். நான் தட்டைப் பிடித்துக்கொள்ள, நீ வெட்டிய துண்டுகளைச் சின்னச் சின்ன வட்டக் கல்லில் பசை போட்டு ஒட்டுவாய். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தாய். "வித்தா என்ன? ஆ செங் விக்கிறான்ல" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேணாங்க. நம்ம வீட்டுல கரண்டு போயி எல்லாம் செத்துட்டா, அவங்க வீட்டுல இருக்கும்ல."

அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தட்டைப் பிடித்தபடி கை வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன நாளைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வரவில்லை. காலையில் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு வேலைக்குப் போனாய். ஆய்வுக்கூடத்தில் தலைவலி என்று உட்கார்ந்தாயாம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் பட்டறை உடுப்போடு போய் நின்றேன். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் உன் வளையலையும் மூக்குக் கண்ணாடியையும் தந்தாள். வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன்.

உன்னை ஹாலில்தான் வைத்தோம். வேறு இடம் இல்லை. தொட்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வெளியே ரோட்டில் கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன்.

நேரம் ஆனதும் தொட்டி விளக்கு தானாக எரிந்தது. அந்த நீல வெளிச்சம் உன் முகத்தில் விழுந்தது. உன் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "சாவு வீட்டுல என்னத்துக்கு இந்த லைட்டு? அடைச்சுப் போடு" என்றார். யாரோ போய் ஒரு போர்வையை எடுத்துவந்து கண்ணாடி மேல் போட்டார்கள். போகட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு சத்தம் குறைந்தது. ஹால் நிறைய ஒப்பாரி, ஆனாலும் அந்தச் சத்தம் இல்லாதது எனக்குக் கேட்டது. காற்றாடிக்கு பிளக் வேண்டும் என்று யாரோ பம்பைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். எல்லோரும் வழிவிட்டார்கள், நான் உன் காலைத் தொடப் போகிறேன் என்று நினைத்து. நான் தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து காற்றாடியைப் பிடுங்கிவிட்டுப் பம்பைச் சொருகினேன். போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். அன்று யாரும் ஊற்றாததால் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. உள்ளே போய் வடிகட்டிய தண்ணீரை வாளியில் பிடித்துவந்து, அடியில் இருக்கும் வடிகட்டும் கீழ்த்தொட்டியில் ஊற்றினேன்.

"பொண்டாட்டி இங்க படுத்திருக்கா, இவரு மீனுக்குத் தண்ணி ஊத்துறாரு" என்றார் உன் அண்ணன். சத்தமாகத்தான் சொன்னார். நான் வாளியோடு நின்றேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

உன் காலடியில் இருந்த தர்ஷினி தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "விடுங்க மாமா. அது அம்மாவோடது. அப்பா ஊத்தட்டும்" என்றாள். நான் மீதித் தண்ணீரையும் ஊற்றினேன்.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு எனக்கு இருந்த வேலை தொட்டிதான். தினமும் ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினேன். நுரை பிரிக்கும் குழாயின் கிண்ணத்தைக் கழுவினேன். அதில் சேரும் பழுப்பு அழுக்கின் நாற்றம் கையை விட்டுப் போகாது, உனக்குத் தெரியும். குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டேன். நிறம் மாறியது. எத்தனையாவது சொட்டில் மாறியது என்று எண்ண மறந்துபோய்த் திரும்பச் செய்தேன். பட்டறைக்குப் போனேன், வந்தேன். கூட வேலை செய்பவர்கள் முதலில் மெதுவாகப் பேசினார்கள், பிறகு சாதாரணமாகப் பேசினார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தது.

தர்ஷினி வாராவாரம் வந்தாள். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, ஒரு தடவ அழுதுடுங்கப்பா" என்றாள்.

"வரமாட்டேங்குதும்மா. வந்தா அழுவேன்ல."

"டாக்டரப் பாக்கலாமா?"

"அழ மருந்து குடுப்பாரா?"

அவள் சிரிக்கப் பார்த்து, முடியாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

நீ இல்லாத முதல் தீபாவளிக்கு என்னைத் தனியாக விடக்கூடாது என்று யோங் பெங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எண்ணெய் இல்லை, பலகாரம் இல்லை. பேரன் மட்டும் மத்தாப்பு கேட்டு அழுதான். அன்றைக்கு இங்கே மாசாயில் பெரிய இடி. நம் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்து கரண்டு போய்விட்டது. நீ வாங்கி வைத்த பேட்டரிப் பம்பு அது தாங்கும்வரை ஓடியிருக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் நான் கதவைத் திறந்தபோது வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

வாடையை எழுதமாட்டேன். தண்ணீர் பாலாக இருந்தது. நீ பேர் வைக்காமல் 'மஞ்சளு' என்று மட்டும் கூப்பிடுவாயே, அந்த மீன் பக்கவாட்டில் மிதந்தது. கோமாளி மீன் ஜோடி மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மான்கொம்பின் தோல் ஈரத் தாள் போல உரிந்து, உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுவிட்சைத் தூக்கினேன். பம்பு ஓடியதும் உரிந்த தோலெல்லாம் தொட்டி முழுக்கப் பறந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருத்துவமனையில் நின்றதும் இப்படித்தான். கை கால் எல்லாம் இருந்தது, நான் எங்கோ இருந்தேன்.

ஆ செங்கைக் கூப்பிட்டேன். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. கல்லு, பம்பு, சில்லர், எது வேணுமோ எடுத்துக்கோ. எனக்கு வேணாம்" என்றேன். அவன் என்னிடம் மலாயில்தான் பேசுவான். "ஒண்ணும் தொடாதீங்க அங்கிள், வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

வேன் நிறைய உப்புத் தண்ணீர்க் கேன்களோடு வந்தான். உள்ளே வந்து பார்த்ததும் தலையில் கைவைத்து "அலமாக்" என்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். எதையும் எடுத்துப் போகவில்லை. கெட்ட தண்ணீரை இறைத்து, நல்ல தண்ணீரை ஊற்றினோம். நான் தூக்கினேன், அவன் ஊற்றினான். மான்கொம்பின் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து வெளியே எடுத்து என்னிடம் தந்தான். கனமாக இருந்தது. அதைப் பின்கட்டில் ஒரு வாளியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எறியவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.

"எனக்கு வேணாம்னு சொன்னேனே" என்றேன், வேலை முடிந்த பிறகு.

"கேட்டுச்சு அங்கிள். தண்ணி சரியாகட்டும். அப்புறமும் வேணாம்னா அப்ப எடுத்துட்டுப் போறேன் லா."

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போனான். ஒருநாள், "சரியாயிடுச்சு. ஞாயித்துக்கிழம எங்கயும் போகாதீங்க" என்றான். எனக்கு எங்கே போக இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்தவர் கோத்தா திங்கியிலிருந்து ஒரு மலாய்க்கார வாத்தியார். நெஞ்சோடு அணைத்து ஒரு தெர்மாகோல் பெட்டி. மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர்ப் பைக்குள் ஒரு மான்கொம்பு, உள்ளங்கை அகலம். உடம்பு பச்சை, நுனி ஊதா. "இனி கக்காக் புன்யா" என்றார். இது அக்காவுடையது. எப்போதோ நீ கொடுத்த விரல் நீளத் துண்டாம். வளர்ந்ததில் பாதியை வெட்டி எடுத்து வந்திருந்தார். அவருக்குப் பிறகு ஒரு கார், பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள். எல்லார் கையிலும் பெட்டி. எல்லாம் உன்னுடையது. ஆ செங் இவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான்.

அவர்கள் உன்னைப் பற்றிப் பேசினார்கள். தன் தொட்டியில் நோய் வந்தபோது நீ வீட்டுக்கே வந்து தண்ணீரைச் சோதித்துக் கொடுத்ததாக வாத்தியார் சொன்னார். அவர் பெண்டாட்டி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் பிள்ளைக்கு வேதியியல் கணக்கும் சொல்லிக்கொடுத்தாயாம். எனக்குத் தெரியாது. அன்று நீ உன் சிநேகிதி வீட்டுக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். கோத்தா திங்கிவரை நீயாகக் காரோட்டிப் போவாய் என்றுகூட எனக்குத் தெரியாது. இத்தனை பேர் உன்னை அறிந்திருந்தார்கள். நான் நடுவில் நின்று தேத்தண்ணீர் கொடுத்தேன்.

யாரும் துண்டுகளை உள்ளே வைக்கவில்லை. காத்திருந்தார்கள். ஆ செங் பசைக் குழாயை என் கையில் கொடுத்தான். "நீங்க ஒட்டுங்க அங்கிள்."

"எனக்குத் தெரியாது. நான் தட்டுதான் புடிப்பேன்."

"தட்ட நான் புடிக்கிறேன்."

கையை முழங்கைக்கு மேல் தண்ணீரில் விட்டு, கல்லில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். முதல் துண்டு இரண்டு முறை கழன்று விழுந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, அது எனக்கு நல்லதாக இருந்தது. முடித்துவிட்டுக் கையை எடுத்தபோது தர்ஷினி கை துடைக்கும் துண்டோடு நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "அப்பா" என்றாள். என் முகத்தையே பார்த்தாள், இப்போதாவது அழுகை வருகிறதா என்று. வரவில்லை. துண்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஒட்டிய பவளங்கள் பிடித்துக்கொண்டன. வேர் மாதிரி அடியில் பரவி, கல்லோடு கல்லாகிவிட்டன. மீன் புதிதாக நான் வாங்கவில்லை. உன் படத்தை ஹாலில் மாட்டினால் உப்புக் காற்றில் சட்டம் கெட்டுவிடும் என்று மாடியில் சாமி அறையில் வைத்திருக்கிறேன். ஹாலில் இருப்பது தொட்டி மட்டும்தான்.

போன சனிக்கிழமை பெக்கான் நானாஸிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். நம்ம ஆட்கள். ஆ செங் விலாசம் கொடுத்து அனுப்பியிருந்தான், வேறு எதுவும் சொல்லவில்லைபோல. புதிதாகத் தொட்டி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பெண் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்ற மறந்து தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள். புருஷன் சங்கடப்பட்டான். "இருக்கட்டும்" என்றேன். இடுக்கி வெட்டியை எடுத்து, நீ வெட்டுவாயே, கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, அங்கே வெட்டினேன். வட்டக் கல்லில் ஒட்டிக் கொடுத்தேன்.

"எப்படி அங்கிள் இவ்ளோ அழகா வச்சிருக்கீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"நான் இல்லம்மா. என் வீட்டுக்காரம்மா வச்சது."

"ஓ, ஆன்டி இல்லீங்களா?"

"வேலைக்குப் போயிருக்காங்க" என்றேன்.

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சாதாரணமாக, எத்தனையோ பேருக்குச் சொன்ன மாதிரி, வாயில் வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள். புருஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியாது, இல்லன்னா பாத்துட்டே போயிருக்கலாம்" என்றான்.

கேட் வரைக்கும் கூடவே போனேன். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரின் கண்ணாடியை இறக்கினாள்.

"ஆன்டி வந்ததும் எங்க தேங்க்ஸ் சொல்லிடுங்க அங்கிள். மறந்துடாதீங்க."

"சொல்றேன்மா."

கார் முனையில் திரும்பும்வரை நின்றேன். ஆ செங்கிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. பெக்கான் நானாஸில் ஒரு வீட்டில் நீ வேலைக்குப் போயிருக்கிறாய், சாயங்காலம் திரும்பி வருவாய். அங்கேயாவது அப்படி இருக்கட்டும்.

அந்தப் பெண் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.